பந்தயத் தடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு

(தொலைக்காட்சி அரங்கம் ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பத்துமலை அடிவாரத்துத் தாமான் ஒன்றில் வாழும் ஒரு குடும்பத்தை மனத்தில் கொண்டு வாருங்கள். அப்பா, அம்மா, 26 வயது மகன். மகன் கார் பட்டறையில் வேலை செய்கிறான். கல்யாணத்துக்கு முன்பே சொந்த வீடு வாங்கிவிட வேண்டும் என்று பணம் சேர்த்து வைத்திருக்கிறான். ஓர் இரவு, சாப்பாட்டு மேசையில் பேச்சு தொடங்குகிறது.

"அப்பா, சாலாக் திங்கி பக்கம் வீடு பார்க்கலாம்னு இருக்கேன்."

"அங்க உனக்கு என்ன வேலைய்யா?"

"வேலை இல்லப்பா. சிப்பாங் பக்கத்துல இருக்கு. கார் ரேஸ், மோட்டார் ரேஸ், கோ-கார்ட் எல்லாமே அங்கதான்."

"ரேஸ் பார்க்கிறதுக்கு வீடு வாங்குறியா? ஊர்ல சொன்னா சிரிப்பாங்க."

அம்மா எதுவும் பேசவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

அப்பா சொன்னதுபோல இது சிரிக்க வேண்டிய பேச்சா? பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து வீடு வாங்குகிறோம். கோயில் பக்கத்தில் இருக்கிறதா, அண்ணன் வீடு பக்கத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கிறோம். ஓர் இளைஞன் தன் மனத்துக்குப் பிடித்த விளையாட்டைக் கணக்கில் சேர்ப்பதில் குற்றம் இல்லை. ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். கடனை அடைக்கும் காலம் 30 ஆண்டு, 35 ஆண்டு என்று நீள்வது.

தைப்பூசக் கணக்கு

இந்தக் கணக்கைப் பத்துமலைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு ஈப்போவிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் கடல் கடந்தும் பக்தர்கள் வருகிறார்கள். 272 படிகள் ஏறி முருகனைத் தரிசித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அந்த ஒரு நாளுக்காக அவர்கள் பத்துமலையில் வீடு வாங்குவதில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகும் ஒரு மூதாட்டியைக் கேளுங்கள். நடந்து போகும் தூரத்தில் வீடு வேண்டும் என்பார். இருவருக்கும் ஒரே முருகன்தான். எத்தனை முறை போகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

பந்தயத்துக்கும் இதே கணக்குதான். சிப்பாங் அனைத்துலகப் பந்தயத் தடம் 1999 மார்ச்சில் திறக்கப்பட்டது. நீளம் 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். அதே ஆண்டு ஏப்ரலில் உலக மோட்டார் சைக்கிள் பந்தயமும் அக்டோபரில் ஃபார்முலா ஒன் பந்தயமும் அங்கே முதன்முறையாக நடந்தன. இவை ஆண்டுக்கு ஒரு முறை, மூன்று நாள் விழாக்கள். பத்துமலையிலிருந்து சிப்பாங் தடத்துக்கு ஏறக்குறைய 75 கிலோமீட்டர். மூன்று நாளைக்கு டோல் கட்டணமும் பெட்ரோல் செலவும் கொடுத்துப் போய் வரலாம். அதற்காகக் குடும்பத்தையே இடம் மாற்றத் தேவையில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1999-இல் வந்த ஃபார்முலா ஒன், 2017 அக்டோபர் 1-ஆம் தேதி நடந்த பந்தயத்தோடு மலேசியாவை விட்டுப் போய்விட்டது. மொத்தம் 19 பந்தயங்கள். அந்தப் பந்தயத்தை நம்பி 30 ஆண்டுக் கடனில் ஒருவர் 1999-இல் வீடு வாங்கியிருந்தால், பந்தயம் போன பிறகும் அவர் 12 ஆண்டுகள் தவணை கட்டியாக வேண்டும்.

புத்ராஜெயா சாலைகளில் மின்சாரக் கார்களின் ஃபார்முலா ஈ பந்தயம் 2014-இலும் 2015-இலும் நடந்தது, அத்தோடு நின்றது. கோலாலம்பூர் நகரச் சாலைகளில் 2015 ஆகஸ்டில் நடந்த பந்தயம் ஒரே முறையோடு முடிந்தது. போனது திரும்பி வருவதும் உண்டு. ஜப்பானின் சூப்பர் ஜிடி பந்தயம் 2013-க்குப் பிறகு 2025-இல் மீண்டும் சிப்பாங்குக்கு வந்தது. பெரிய பந்தயங்கள் விருந்தாளிகளைப் போன்றவை. விருந்தாளி வருவார் என்பதற்காக வீட்டு முகவரியை மாற்றிக்கொள்ள முடியுமா?

எல்லாப் பந்தயமும் ஓரிடத்தில் இல்லை

"எல்லாமே அங்கதான்" என்று மகன் சொன்னானே, அதிலும் பாதிதான் உண்மை. தடப் பந்தயம் சிப்பாங்கில் இருக்கிறது. அந்த வளாகத்திலேயே கோ-கார்ட் தடமும் உண்டு. சிப்பாங் 1000 கிலோமீட்டர் போன்ற நீண்டதூரப் பந்தயங்களில், நாட்டுச் சாலைகளில் அன்றாடம் பார்க்கிற கார் வகைகளே ஓடுகின்றன. இவ்வளவும் சரி.

கப்சாய் மோட்டார் சைக்கிள்களின் கப் பிரிக்ஸ் பந்தயம் 1994-இல் தொடங்கியது. அது ஊர் ஊராகச் செல்லும் பந்தயம். ராலி பந்தயம் மூடிய பந்தயத் தடத்தில் நடப்பது அல்ல. மலேசியாவில் அது பெரும்பாலும் செம்பனைத் தோட்டத்து மண் சாலைகளில் நடக்கும். 2002-இல் தயாரிப்புக் கார்களுக்கான உலக ராலி வெற்றியாளர் பட்டத்தை புரோட்டோன் காரில் வென்ற மலேசியர் கரம்ஜிட் சிங்கின் களம் அத்தகைய சாலைகள்தாம். 1997-இல் தொடங்கிய மழைக்காட்டுச் சவால் என்னும் நான்கு சக்கர வாகனப் போட்டிக்கோ, காடும் சேறும் அடைமழையும் வேண்டும்.

ஆகவே, பல வகைப் பந்தயங்களில் ஆசை உள்ளவர் ஒரே தடத்தை வைத்து வீடு தேடக் கூடாது. எந்தப் பக்கமும் எளிதாகப் புறப்படுவதற்கு ஏற்ற இடம் எது என்று பார்க்க வேண்டும்.

அந்தக் கண்ணோட்டத்தில் பத்துமலை மோசமான இடமில்லை. கோம்பாக்கிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் ஏறினால் பகாங். ரவாங் வழியாக வடக்கே போனால் பேராக். காட்டுப் போட்டிகளுக்கும் வடமாநிலப் பந்தயங்களுக்கும் சிப்பாங்வாசியைவிடப் பத்துமலைவாசிக்கே வழி சுருக்கம். சிப்பாங்குக்குப் போவதுதான் அவருக்குத் தூரம்.

கிள்ளான்காரர்களுக்கு கெசாஸ் நெடுஞ்சாலையும் எலிட் நெடுஞ்சாலையும் கைகொடுக்கின்றன. கோலாலம்பூரின் நெரிசலுக்குள் நுழையாமலே சிப்பாங்குக்குப் போய்விடலாம்.

பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பவருக்கு கே.எல். சென்ட்ரல் வாசலிலேயே இருக்கிறது. அங்கிருந்து விமான நிலைய ரயிலில் சாலாக் திங்கி வரை போகலாம். பார்வையாளருக்கு அது வசதி. ஆனால் ரயில் தடத்தின் வாசல் வரை போவதில்லை. கோ-கார்ட்டையும் கருவிப் பெட்டியையும் டயர்களையும் ரயிலில் ஏற்ற முடியாது. பந்தயத்தில் கலந்துகொள்பவருக்கு, வண்டியை நிறுத்த முன்வாசல் உள்ள தரை வீடு வேண்டும். அடுக்குமாடியில் ஒரு கார் நிறுத்துமிடத்தை வைத்துக்கொண்டு, இரவு பத்து மணிக்கு இயந்திரத்தை முடுக்கிப் பார்த்தால் மறுநாளே நிர்வாகத்திலிருந்து கடிதம் வரும்.

பத்து தீகா சொல்லும் பாடம்

சிப்பாங்குக்கு முன்னால் மலேசியப் பந்தயத்தின் பெயர் பத்து தீகா. ஷா ஆலமில் இருந்த அந்தத் தடம் 1968-இல் திறக்கப்பட்டது. 1985-இல் உலக ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தின் ஒரு சுற்று அங்கே நடந்தது. 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் பந்தயமும் அங்கேதான். கிள்ளான்வாசிகளுக்கு அது கூப்பிடு தூரத்துத் திடல்.

நகரம் வளர்ந்தது. நிலத்தின் விலை ஏறியது. சிப்பாங் வந்த பிறகு, 2003-இல் பத்து தீகா தடம் இடிக்கப்பட்டு அந்த நிலம் வீடமைப்புக்குப் போனது. இன்று கிள்ளான் ரயில் பாதையில் பத்து தீகா என்ற நிலையம் இருக்கிறது, தடம் இல்லை. தடத்துக்குப் பக்கத்தில் வீடு தேடுகிறவர் ஒன்றை மறக்கக் கூடாது. பக்கத்தில் வரும் வீடுகளே ஒருநாள் தடத்துக்கு எமனாகலாம்.

இதற்கு இங்கிலாந்தில் நீதிமன்றச் சான்று உண்டு. மில்டன்ஹால் என்ற ஊரின் அருகே, மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் பல ஆண்டுகளாக நடந்துவந்த ஒரு திடலின் பக்கத்தில் ஒரு தம்பதி 2006-இல் வீடு வாங்கினார்கள். பிறகு இரைச்சல் தாங்கவில்லை என்று வழக்குத் தொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில் 2014-இல் அவர்கள் பக்கமே தீர்ப்பு வந்தது. திடல் முன்பே இருந்தது, வீட்டுக்காரர் பிறகுதான் வந்தார் என்ற வாதம் மட்டும் போதாது என்றார்கள் நீதிபதிகள். மகனுக்குச் சங்கீதமாகக் கேட்கும் ஓசை, நாளை வரப்போகும் மருமகளுக்கும் தொட்டில் பிள்ளைக்கும் எப்படிக் கேட்கும் என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும்.

கோயம்புத்தூரில் தடம் இல்லாத காலம்

தடத்தின் பக்கத்தில் இருந்தால்தான் பந்தய வீரனாக முடியும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர். 2005 மார்ச்சில் சிப்பாங்கிலும் அவர் பந்தயம் ஓட்டினார். அவர் சிறுவனாக வளர்ந்த காலத்தில் கோயம்புத்தூரில் பந்தயத் தடம் கிடையாது. இன்றுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-இல்தான் வந்தது. 1990-இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடமோ, ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தள்ளி, சென்னைக்குப் பக்கத்தில் இருந்தது.

அப்படியென்றால் கோயம்புத்தூரில் இருந்தது என்ன? ராலி வீரரான தந்தை இருந்தார். மாருதி காரின் பாகங்களைக் கொண்டு குறைந்த செலவில் பந்தயக் கார் கட்டிய எஸ். கரிவர்தன் இருந்தார். இரும்பையும் இயந்திரத்தையும் அறிந்த பட்டறைகள் இருந்தன. 1995-இல் மறைந்த கரிவர்தனின் பெயரைத்தான் பிற்காலத்தில் வந்த தடம் தாங்கி நிற்கிறது. அந்த ஊரில் ஆட்கள் முதலில் வந்தார்கள், தடம் பிறகு வந்தது.

மலேசியாவிலும் அப்படித்தான். 2018-இல் மோட்டோ ஜிபி பந்தயத்தில் முழுநேர வீரராக நுழைந்த முதல் மலேசியர் ஹஃபிஸ் ஷாரின் அம்பாங்கில் பிறந்தவர். சிப்பாங்கின் நிழலில் வளர்ந்தவரல்ல. அவர் ஏறி வந்த ஏணி கப் பிரிக்ஸ்.

ஆகவே மகன் கேட்க வேண்டிய கேள்வி, தடம் எத்தனை கிலோமீட்டர் என்பது மட்டுமல்ல. சனிக்கிழமை காலையில் தன்னோடு புறப்பட யார் இருக்கிறார்கள்? கற்றுக்கொடுக்கும் மூத்த மெக்கானிக் எங்கே இருக்கிறார்? சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ளும் நண்பர்கள் எங்கே? அவர்கள் செந்தூலிலும் பத்துமலையிலும் இருந்தால், சாலாக் திங்கியில் வாங்கும் வீடு அவனைத் தடத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பந்தயத்திலிருந்து தூரமாக்கிவிடும்.

அம்மா ஏன் பேசவில்லை?

தட்டுகளை எடுத்துக்கொண்டு போன அம்மாவை மறந்துவிடக் கூடாது. அவர் மனத்தில் ஓடுவது வீட்டு விலை அல்ல. நள்ளிரவில் நெடுஞ்சாலையில் சீறும் மோட்டார் சைக்கிள்களின் ஓசை. வேகத்தின் மீது ஆசை கொண்டு, ஓட்ட இடமில்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் விட்டுப் பிணமாக வீடு திரும்பிய பிள்ளைகளைப் பற்றிய செய்திகளை அவர் படித்திருக்கிறார். அந்தப் பந்தயம் சட்டப்படி குற்றம். அதைவிட, அது ஒரு தாயின் தூக்கத்தைக் கெடுக்கும் கொடுமை.

தடத்தில் தலைக்கவசமும் பாதுகாப்பு உடையும் கட்டாயம். மார்ஷல்கள் நிற்கிறார்கள், மருத்துவ வண்டி நிற்கிறது. எல்லாரும் ஒரே திசையில் ஓட்டுகிறார்கள், எதிரே லாரி வராது. ஆபத்து முற்றாக நீங்கிவிடாது, ஆனால் குறையும். மகன் மாதம் ஒரு முறையாவது முறையான தடத்தில் ஓட்டினாலும், மார்ஷலாகத் தொண்டு செய்தாலும், அவன் எங்கே இருக்கிறான் என்று அம்மாவுக்குத் தெரியும். பந்தயத்தை மனத்தில் வைத்து வீடு பார்ப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? அப்பா சிரிப்பதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில் வாடகைக்கு

இதற்கு ஒரு நடுவழி உண்டு. உடனே வாங்க வேண்டாம். ஓராண்டு முழுவதும் குறிப்பு எழுதட்டும். எத்தனை முறை சிப்பாங் போனான், எத்தனை முறை வெளிமாநிலம் போனான், எத்தனை முறை தொலைக்காட்சியில் பார்த்ததே போதும் என்று வீட்டில் இருந்தான். ஆண்டுக்கு ஐந்தாறு முறைதான் என்றால் பத்துமலையிலேயே இருக்கலாம். வாரந்தோறும் போகிறான், வேலையும் அந்தப் பக்கம் கிடைக்கிறது என்றால், முதலில் சாலாக் திங்கியிலோ டிங்கிலிலோ ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்க்கட்டும். ஓசை, தனிமை, கோயிலுக்கும் கடைக்கும் உள்ள தூரம் எல்லாம் அப்போது புரியும். அதன் பிறகு வாங்கினால் அது ஆசைப்பட்டு வாங்கிய வீடாக மட்டும் இராது. அறிந்து வாங்கிய வீடாக இருக்கும்.

டிங்கில் என்றதும் பெரியவர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். ஃபார்முலா ஈ கார்கள் ஓடிய புத்ராஜெயா, ஒரு காலத்தில் பிராங் பெசார் ரப்பர்த் தோட்டம். நிர்வாகத் தலைநகரம் எழுந்தபோது அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் டிங்கில் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. தோட்டத்தில் வாழ்ந்த தாத்தாவுக்கு எங்கே வாழ்வது என்று தீர்மானித்தவர் தோட்டத் துரை. அப்பாவுக்குத் தீர்மானித்தது கையிலிருந்த சம்பளம். தனக்குப் பிடித்த ஒன்றுக்காக எங்கே வாழலாம் என்று கேட்கும் வாய்ப்பு, அந்தப் பரம்பரையில் மூன்றாம் தலைமுறைக்குத்தான் கிடைத்திருக்கிறது.

அந்தக் கேள்வியைக் கேலி செய்ய வேண்டாம். அப்பா தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு மகனோடு உட்காரட்டும். ஒரு சனிக்கிழமை அவனோடு சிப்பாங்குக்குப் போய், கம்பி வேலிக்கு அருகே நின்று பார்த்துவிட்டு வரட்டும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகட்டும். அதன் பிறகு மூவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு சாலாக் திங்கி ஆனாலும் பத்துமலை ஆனாலும் அது நல்ல முடிவாகவே இருக்கும்.