சித்திரத்தில் எழுதிய பெயர்கள்



அகரவரிசை எதுவும் இல்லாமல் ஒருவனுடைய பெயரை ஏட்டில் பொறிக்க இயலுமா? இயலும் என்று காட்டினர் மெக்சிக்கோ நாட்டின் அஸ்டெக் மக்கள். அவர்களுடைய நாவாட்ல் மொழிப் பெயர்கள் பொருள் பொதிந்தவை. ஆளின் உருவை வரைந்து, பெயரின் பொருளைச் சிறு சித்திரமாக்கி, ஒரு கோட்டினால் தலையோடு இணைத்து விடுவர்.

1541ஆம் ஆண்டளவில் வரையப்பட்ட மெண்டோசா ஏடு ஒக்ஸ்போர்ட் நகரின் பொட்லியன் நூலகத்தில் உள்ளது. அதிலே சிமல்பொபோகா என்னும் மன்னனின் தலையருகே புகை கக்கும் கேடயம் ஒன்றைக் காணலாம். 'சிமல்லி' என்பது கேடயம். 'பொபோகா' என்பது புகைதல். 1440இல் மறைந்த இட்ஸ்கோவாட்ல் மன்னனுக்கோ, முதுகிலே கண்ணாடிக்கல் அலகுகள் பதித்த பாம்பு. 'இட்ஸ்ட்லி' அக்கல்லையும் 'கோவாட்ல்' பாம்பையும் குறிப்பன.

இவ்வளவுதான் என்றால், இது வெறும் படவிளக்கம் என்று ஒதுக்கிவிடலாம்; பலர் ஒதுக்கியும் வந்தனர். ஆனால், வெர்காரா என்னும் வேறோர் ஏட்டில் அதே பெயர் வேறு விதமாக எழுதப்பட்டுள்ளது. அங்கே பாம்பு இல்லை. கண்ணாடிக்கல், ஒரு பானை, சிறிது நீர் ஆகியனவே உள. பானை 'கோமிட்ல்', நீர் 'ஆட்ல்'. அவற்றின் முதலொலிகளை மட்டும் கூட்டினால் 'இட்ஸ்–கோ–ஆ' என்றாகிறது. பானைக்கும் பெயரின் பொருளுக்கும் தொடர்பே இல்லை. ஒலிக்காகவே அது அங்கு வந்தது. ஒலியைக் குறிக்கும் இதனை எழுத்து என்னாமல் வேறென்னென்பது?

1521இல் அஸ்டெக் தலைநகர் ஸ்பானியர் வசமாயிற்று. நாவாட்ல் மொழியிற் பொருளற்ற அந்நியப் பெயர்களும் வந்து சேர்ந்தன. எழுதுவோர் கலங்கவில்லை. முதல் அரசப் பிரதிநிதியான மெண்டோசாவின் பெயரை, ஆனைக்கற்றாழையையும் வளை தோண்டும் ஒரு சிறு பிராணியையும் வரைந்து எழுதினர். கற்றாழை 'மெட்ல்', பிராணி 'தோசான்'. சேர்த்து வாசித்தால் 'மெ–தோசா'!

மன்னருக்கு மட்டும் உரியதன்று இம்முறை. வெர்காரா ஏடு தெபெட்லாஓஸ்தொக் என்னும் ஊரின் குடிக்கணக்கும் நிலக்கணக்கும் ஆகும். அதிலே குடியானவர்களின் தலைகள் வீடு வீடாக வரிசையாக வரையப்பட்டுள்ளன. அவற்றின் அருகே அவரவர் பெயர்ச் சித்திரங்கள். எவருடைய நிலம் எவ்வளவு என்று அடுத்த பக்கங்கள் கூறுகின்றன. ஆட்சி மாறிய அக்காலத்தில், தன் பெயர் ஏட்டில் சரியாகப் பதிவது ஓர் உழவனுக்கு எத்துணை இன்றியமையாததாக இருந்திருக்கும்!

எளியோரின் அப்பெயர்களை, 400 ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரும், அறிஞர் வாய்விட்டு வாசிக்கின்றனர். ஒரு பானையும் சிறிது நீரும் அதற்குப் போதுமானவையாயின.