யூதர் மரபில் இறப்பும் துயராற்றலும்



பிறந்தோர் இறப்பர் என்பதை எல்லாச் சமயங்களும் உரைக்கின்றன. சாவின் முன் அனைவரும் நிகர் என்பதும் பலரும் கூறும் அறவுரையே. அவ்வறவுரையை வெறும் சொல்லாக விட்டுவிடாமல், உடுத்தும் துணியிலும் உணவேந்தும் கூடையிலும் நடைமுறையாக்கிக் காத்த மரபுகளுள் யூதர் மரபு ஒன்றாகும்.

பண்டை நாளில் இறந்தோர்க்கு விலையுயர்ந்த ஆடை அணிவிக்கும் வழக்கம் யூதரிடையே பெருகியிருந்தது. சாவின் துயரினும் அடக்கச் செலவே உறவினர்க்குப் பெருந்துயராயிற்று. உடலைப் போட்டுவிட்டு ஓடினாரும் உண்டெனத் 'தல்மூத்' என்னும் அவர்தம் பெருநூல் கூறுகிறது. இந்நிலையை மாற்றியவர் ரபான் கமாலியேல் என்னும் சமயத் தலைவர். தம் பதவிக்குரிய ஆடம்பரத்தைத் துறந்து, எளிய லினன் ஆடையிலேயே அவர் இறுதிப் பயணம் மேற்கொண்டார். தலைவரைப் பின்பற்றி மக்களும் எளிமைக்குத் திரும்பினர். வெண்ணிற எளிய ஆடையே இன்றும் மரபாக உள்ளது. அதில் பை வைத்துத் தைப்பதில்லை. கொண்டுசெல்வதற்கு ஏதுமில்லை அன்றோ!

துக்க வீட்டிற்கு உணவு கொண்டுசெல்வதிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. செல்வர் வீட்டிற்குப் பொன், வெள்ளிக் கூடைகளிலும், ஏழையர் வீட்டிற்கு உரித்த பிரம்புக் கூடைகளிலும் உணவு சென்றது. ஏழையர் நாணினர். உடனே அறிஞர்கள், அனைவர்க்கும் பிரம்புக் கூடையே என விதித்தனர். ஏழையைச் செல்வர் நிலைக்கு உயர்த்த இயலாதபோது, செல்வரை ஏழையின் நிலைக்கு இறக்கி மானம் காத்த செயல் இது.

உடலை நீராட்டி ஆடை அணிவிப்பது 'ஹெவ்ரா கதீஷா' எனப்படும் புனிதத் தோழமையினரின் பணியாகும். ஆடவரை ஆடவரும் பெண்டிரைப் பெண்டிரும் நீராட்டுவர். பிறர்க்குச் செய்யும் உதவிக்கு அவர் என்றேனும் கைம்மாறு செய்யக்கூடும். இறந்தவரோ செய்ய இயலாதவர். ஆதலின் இப்பணியை 'உண்மையான அன்பு' என்று யூதர் போற்றுகின்றனர்.

துயருக்குக் காலவரையறையும் உண்டு. அடக்கம் முடியும்வரை நெருங்கிய உறவினர்க்கு வழிபாட்டுக் கடமைகளிலிருந்தும் விலக்கு உண்டு. அடக்கத்திற்குப் பின் ஏழு நாள் 'ஷிவா'. வீட்டார் கிழித்த ஆடையுடன் தாழ்ந்த இருக்கையில் அமர்வர், தோற் காலணி அணியார், தொழில் புரியார். கண்ணாடிகளை மூடிவைப்பதும் பரவலான வழக்கம். முதல் உணவை அயலாரே அளிப்பர். அதில் முட்டையோ பருப்போ இடம்பெறும். பருப்பு உருண்டையானது, துயரும் உலகில் உருண்டு ஒவ்வொருவர் வாயிலையும் அடையும். பருப்புக்கு வாய்ப்பிளவு இல்லை. துயருற்றோர்க்கும் சொல் இல்லை. தல்மூத் தரும் விளக்கங்கள் இவை.

சொல்லிழந்தோரிடம் சொல்லத்தக்கது யாது? துயருற்றவர் வாய்திறக்கும்வரை வந்தவர் பேசலாகாது என்பதே மரபு காட்டும் விடை. யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவருடன் தரையில் வாளா அமர்ந்திருந்தமை இதற்கு முன்மாதிரி. ஆறுதல் என்பது உடனிருத்தலே.

ஏழாம் நாள் வீட்டார் எழுந்து வெளியே சிறிது தூரம் நடந்துவருவது பல இடங்களில் வழக்கம். பின்னர் முப்பது நாள். பெற்றோர்க்கு மட்டும் பன்னிரு திங்கள். துயரை மறுக்காமலும் அதிலேயே மூழ்கவிடாமலும் படிப்படியாக வாழ்வுக்கு மீட்கும் ஏற்பாடு இது.

பெற்றோர்க்காகப் பதினொரு திங்கள் ஓதப்படுவது 'காடிஷ்'. அரமேய மொழியிலமைந்த இவ்வேண்டுதலில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது முற்றிலும் இறைப்புகழ்ச்சியே. பத்துப் பேர் கூடிய அவையில்தான் அதனை ஓதுதல் வேண்டும்; தனிமையில் துயருறுவோரை ஊருடன் இணைக்கும் விதி அது. ஆயின் நெடுங்காலம் அவ்வுரிமை மைந்தர்க்கே உரியதாயிருந்தது.

எட்டுப் பெண்மக்களைப் பெற்று ஆண்மகவு பெறாத ஒரு குடும்பத்தின் மூத்த மகள் ஹென்றியட்டா சோல்ட். அமெரிக்க யூதப் பெண்களின் 'ஹதாசா' இயக்கத்தைத் தோற்றுவித்தவர். 1916ஆம் ஆண்டு இவர்தம் தாய் மறைந்தபோது, மகளுக்கு மாற்றாகத் தாமே காடிஷ் ஓதுவதாகக் குடும்ப நண்பர் ஒருவர் முன்வந்தார். அவ்வன்பிற்கு உளமார நன்றி கூறிய ஹென்றியட்டா, அதனை ஏற்க மறுத்தார். தந்தை மறைந்தபோதும் மகளிரின் இடத்தைப் பிறர் ஏற்கத் தாய் இசையவில்லை என்பதைத் தம் மடலில் நினைவுகூர்ந்தார். இன்று சீர்திருத்தப் பிரிவுகளிலும், பழமை பேணும் வழிபாட்டுக் கூடங்கள் சிலவற்றிலும் மகளிர் காடிஷ் ஓதுகின்றனர்.

ஏழையின் நாணத்தைக் கண்டு கூடையை மாற்றிய மரபு, மகளின் உரிமையைக் காண நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. எனினும், இறந்தோரைப் போற்றும் முறையில் இருப்போரின் மானம் குன்றலாகாது என்னும் கொள்கை அம்மரபினுள்ளேயே விதையாக இருந்தது. ஹென்றியட்டா வெளியிலிருந்து எதனையும் கொண்டுவரவில்லை; அவ்விதைக்கு நீர் வார்த்தார்.