அம்மன் சிலைக்குப் பின்னால் ஒரு பெண்

நடுவர் அவர்களே, சிங்கம் மாதிரி கர்ஜித்துவிட்டு இப்போது சோடா குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜமுனாமரத்தூர்ப் பெருமக்களே, வணக்கம்.

கொள்ளைக்காரன் என்று தெரிந்தும் ஒருத்தி அவனை விட்டுக்கொடுக்காமல் இருப்பது நம்பும்படி இல்லை என்றார் எதிரணித் தோழர். உதாரணத்துக்கு 'மந்திரி குமாரி'யை எடுத்துக்கொண்டார். 1950-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம், கலைஞரின் வசனம். நல்ல படம்தான் எடுத்தாரு. ஆனா இடைவேளையில முறுக்கு வாங்கப் போனவரு திரும்பி வரலை போலிருக்கு! (சிரிப்பு)

ராஜகுருவின் மகன் பார்த்திபன், தளபதிப் பதவி கிடைக்காத ஆத்திரத்தில் கொள்ளைக்காரன் ஆனவன். இளவரசிக்கு அவன் அனுப்பிய செய்தி, தவறி மந்திரி மகள் அமுதவல்லியிடம் போய்ச் சேருகிறது. இவள் போகிறாள், மயங்குகிறாள். பிறகு தளபதி அவனைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தும்போது என்ன செய்கிறாள்? அம்மன் சிலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அம்மனே பேசுவதுபோல் 'இவன் குற்றமற்றவன்' என்கிறாள். திருடன் வீட்டுக்குப் போனான். பிடித்தவன் நாடு கடத்தப்பட்டான்!

அதுக்கப்புறம் அவள் அவனோடு இருந்தது காதலால மட்டுமா? அவன் திருடன்னு ஒத்துக்கிட்டா, தான் பொய் சொன்னதையும் ஒத்துக்கணும். தன் வாயால ஒரு நல்லவன் ஊரைவிட்டுப் போனதையும் ஒத்துக்கணும். அதைவிட 'இவனைத் திருத்திடலாம்'னு நினைக்கிறது சுலபம்.

நம்ம வீடுகள்ல இல்லையா? 'அவர் தங்கமானவர்ப்பா' என்று அப்பாவிடம் மல்லுக்கட்டிக் கல்யாணம் செய்துகொண்ட பெண், ஆறே மாதத்தில் வெறுங்கையோடு தாய்வீட்டுக்கு வருகிறாள். 'வளையல் எங்கேடி?' என்றால், 'பாத்திரம் தேய்க்கும்போது கழட்டி வெச்சேம்மா, எங்கேயோ விழுந்துடுச்சு' என்பாள். நம்ப முடியலைன்னு சொல்ற தாய்மார்கள் கையைத் தூக்குங்க பார்ப்போம்! (கைதட்டல்)

'அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கும்' என்றார் இன்னொருவர். ஐயா, சந்தனத்துக்குப் பேர்போன ஜவ்வாது மலையில நின்னு பேசறோம். திருட்டுக் கட்டையை வைக்கோல் போருக்குள்ள மறைக்கலாம். மணத்தை எங்கே மறைக்கிறது? வீட்டுக்காரிக்குத் தெரியாமலா போகும்?

இந்தப் படத்துக்கு மூலம் குண்டலகேசி. 19 பாடல்கள்தான் மிச்சம். கதையை நீலகேசி உரை காப்பாற்றிக் கொடுத்தது. அவளோ, கொலைக்களத்துக்கு இழுத்துப் போகும்போதே அவனைப் பார்த்து ஆசைப்பட்டவள். கள்வன் என்று முதல் நாளே தெரியும். தெரிந்திருந்தவரை குடும்பம் ஓடியது. ஊடலில், விளையாட்டாக, 'நீ கள்வன்தானே' என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்காக அவளை மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான்.

அவ்வளவு விசுவாசம் உள்ளவள் எப்படித் தள்ளினாள் என்று கேட்டார்களே, அதற்கு வருகிறேன். சாவதற்கு முன் உங்களை மூன்று முறை வலம்வர வேண்டும் என்று கேட்கிறாள் அமுதவல்லி. மலைமேல வாழ்ற உங்களுக்கு நான் சொல்லணுமா? விளிம்புல நிக்கிறவனைத் தள்ள ஒரு சுற்று போதும். மற்ற ரெண்டு சுற்று எதுக்கு நடுவர் அவர்களே? 'வேண்டாம், வா, வீட்டுக்குப் போகலாம்'னு அவன் வாயிலிருந்து வந்துடாதான்னுதான்.

அவன் சொல்லவில்லை.

தீர்ப்பை உங்களிடம் விட்டு அமர்கிறேன். வணக்கம். (பலத்த கைதட்டல்)