பிள்ளைகளின் மனம்: வம்சமும் வளர்ப்பும் நம் பொறுப்பும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவை ஒட்டி நடைபெற்ற குடும்ப நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் பெருமானார் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

இன்றைய உரையை என்னுடைய ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், மக்தபில் ஓத வந்த சிறுவன் ஒருவன், ஓராண்டு ஆகியும் பே, தே, ஸே மூன்றையும் பிரித்தறியாமல் தடுமாறினான். புள்ளி மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பது அவன் கண்ணுக்கு நிலைக்கவில்லை. ஆனால் செவியால் கேட்ட சூராக்களை மற்ற பிள்ளைகளுக்கு முன்பாகவே மனனம் செய்துவிடுவான். விளையாட்டுப் புத்தி என்று எண்ணிக் கண்டித்தேன். அவனுடைய அத்தாவை அழைத்துப் பேசியபோது, அவர் தலைகுனிந்து, "நானும் இப்படித்தான் ஹஜ்ரத், மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன்" என்றார். உடனே நான், "அப்படியானால் வம்சத்தில் வந்தது, என்ன செய்ய முடியும்?" என்று சொல்லிவிட்டேன். அந்தச் சிறுவன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பின்னர், மருத்துவம் அறிந்த நண்பர் ஒருவர் எனக்கு விளக்கினார். அதற்கு டிஸ்லெக்ஸியா என்று பெயர். எழுத்தைப் படிப்பதில் ஏற்படும் கற்றல் குறைபாடு அது. அறிவுக் குறைவும் அன்று, சோம்பலும் அன்று. அது குடும்ப வழியாக வருவதுண்டு. தக்க முறையில் கற்பித்தால் பிள்ளை முன்னேறுவதும் உண்டு. நான் சொன்ன செய்தி சரி, அதிலிருந்து நான் அளித்த தீர்ப்புத்தான் தவறு. வம்சம் என்பதை ஒரு விளக்கமாகக் கொள்ளாமல், கைவிடுவதற்கான காரணமாகக் கொண்டேன்.

ஒட்டகத்தின் உதாரணம்

அன்புச் சகோதரர்களே! புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் வரும் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூருங்கள். கிராமவாசி ஒருவர் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் மனைவி கறுத்த நிறக் குழந்தையைப் பெற்றிருப்பதாக, ஐயம் தொனிக்கச் சொன்னார். பெருமானார் அவரிடம் அவருடைய ஒட்டகங்களின் நிறத்தைக் கேட்டார்கள். சிவப்பு என்றார். அவற்றுள் சாம்பல் நிறத்தவை உண்டா எனக் கேட்டார்கள். உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என வினவியபோது, முன்னோரின் ஏதோ ஒரு வேர் இழுத்திருக்கலாம் என அவரே ஒப்புக்கொண்டார். உம் குழந்தையும் அவ்வாறே இருக்கலாம் என்று பெருமானார் விளக்கினார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மரபு வழியைப் பற்றிய இந்தப் பேச்சு ஒரு குழந்தையின் மானத்தைக் காத்தது. ஒரு தாயின் மீது படிய இருந்த களங்கத்தைத் துடைத்தது. நாமோ அதே பேச்சைக் கொண்டு குழந்தையை ஒதுக்குகிறோம்!

மரபணு எதைத் தருகிறது?

நம் பகுதி விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே விதைக் கரும்பிலிருந்து வெட்டிய கரணைகளை, ஒன்றை வண்டல் நிலத்திலும் மற்றொன்றைக் களர் நிலத்திலும் நட்டால், இரண்டு விளைச்சலும் ஒன்றாக இருக்குமா?

மனிதனின் மனத்திலும் இதற்குச் சான்று உண்டு. மனச்சிதைவு நோய் பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரக்கூடியது. ஒருவருக்கு அந்நோய் இருந்தால், உடன்பிறந்தாருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் பத்து. ஒத்த இரட்டையரிடத்தில் அது பாதி அளவுக்கு உயர்கிறது. அப்படியானால் மரபணுவின் பங்கு பெரிதுதான். ஆனால் ஒரே மரபணுவோடு பிறந்த இரட்டையருள் மற்றொருவர் பாதிப் பேருக்கு மேல் நோயின்றி இருக்கிறாரே, அது எதனால்? மரபணு மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னும் தெளிவான உதாரணம் பீனைல்கீட்டோனூரியா எனும் பிறவிக் குறைபாடு. 1934இல் நார்வே நாட்டு மருத்துவர் ஃபோலிங் இதைக் கண்டறிந்தார். புரத உணவிலுள்ள ஒரு கூறினை உடல் சிதைக்க இயலாமல், அது தேங்கி மூளையைக் கெடுக்கும். கவனியாமல் விட்டால் கடுமையான மனவளர்ச்சிக் குறை ஏற்படும். பிறந்தவுடன் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்து, முதல் வாரங்களிலேயே உணவை மாற்றிவிட்டாலோ, அக்குழந்தை மற்ற பிள்ளைகளைப் போலவே அறிவோடு வளரும். மரபணு மாறவில்லை, உணவு மாறியது, வாழ்வு மாறியது.

இத்தகைய குறைகள் சில, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுது வந்தால்தான் வெளிப்படும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் இரத்த உறவில் மணந்தவர்கள். மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பதை மார்க்கம் அனுமதித்துள்ளது, கட்டாயமாக்கவில்லை. குடும்பத்தில் முன்னரே பிறவிக் குறை இருந்தால், நிக்காஹ் பேசுமுன் மருத்துவரிடம் ஆலோசனை கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மடியும் பேச்சும்

மரபணுவுக்கு அடுத்தது சூழல். ருமேனியா நாட்டில் 1989இல் ஆட்சி மாறியபோது, ஏராளமான குழந்தைகள் அரசு விடுதிகளில் கிடந்தனர். உணவு இருந்தது, தொட்டில் இருந்தது. தூக்கிக் கொஞ்சப் போதிய ஆட்கள் இல்லை. 2000ஆம் ஆண்டில் புக்காரெஸ்ட் நகரில் ஆய்வாளர்கள் 136 குழந்தைகளைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தனர். குடும்பத்துக்குச் சென்ற பிள்ளைகளின் அறிவும் பாசமும் மேம்பட்டன. இரண்டு வயதுக்குள் சென்றவர்கள் அதிகம் தேறினர்.

தந்தையைக் காணாமல் பிறந்து, ஆறு வயதில் தாயையும் இழந்த நம் பெருமானாரை எண்ணிப் பாருங்கள். ஹலீமா அம்மையாரின் மடி இருந்தது. பாட்டனார் அப்துல் முத்தலிபின் அரவணைப்பு இருந்தது. பெரிய தந்தை அபூதாலிபின் துணை இருந்தது. யதீம்களின் தலையைத் தடவிக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தின் அருமை இப்போது விளங்கவில்லையா? வெளிநாட்டில் உழைக்கும் தந்தைமார்களே! நீங்கள் அனுப்பும் பணத்தோடு, நாள்தோறும் சிறிது நேரப் பேச்சையும் பிள்ளைக்கு அனுப்புங்கள்.

ஊரின் வழக்கமும் மனத்தில் படியும்

மூன்றாவது, பண்பாடு. இது நோயின் குரலைக்கூட மாற்றுகிறது என்றால் வியப்பாக இருக்கும். அமெரிக்க மானிடவியல் அறிஞர் தான்யா லூர்மனும் அவருடன் பணியாற்றியவர்களும், சென்னை, கானா நாட்டின் அக்ரா, கலிபோர்னியாவின் சான் மாட்டியோ ஆகிய மூன்று இடங்களில், காதில் குரல் கேட்கும் நோயாளிகள் இருபதிருபது பேரிடம் விசாரித்தனர். 2015இல் வெளியான அந்த ஆய்வில், அமெரிக்கர்கள் பலர் தம்மைத் தாக்கும் கொடிய குரல்களைக் கேட்டதாகக் கூறினர். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோர் கேட்டது உறவினர் குரல். அது ஏசும், வீட்டு வேலையைச் செய் என்று ஏவும், அறிவுரையும் சொல்லும். நாம் வாழும் வாழ்க்கையே நோயுற்ற மனத்துக்குள்ளும் பேசுகிறது.

அதே பண்பாட்டுக்கு இருண்ட பக்கமும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் பகைவர்கள் அல்லர், பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களுமே. நோய் என்று சொன்னால் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வரமாட்டான் என்ற அச்சம், ஜின் பிடித்தது என்று சொல்வதே கௌரவம் என்ற எண்ணம், ஊர்ப்பேச்சு, வறுமை ஆகியவை அவர்களை அங்கே கொண்டுசென்றன. அந்த ஊர்ப்பேச்சு யாருடையது? நம்மைப் போன்ற ஒவ்வொரு ஜமாஅத்துடையதும் அல்லவா?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை முற்றிலும் தடை செய்கிறது. சட்டம் வருமுன்னரே நம் உள்ளம் தடுத்திருக்க வேண்டும். என்னிடம் ஓதிப் பார்க்க அழைத்து வருகிறீர்கள். ஓதுகிறேன், துஆவும் செய்கிறேன். நோய்க்கு மருந்து தேடச் சொன்னதும் பெருமானாரின் வழிகாட்டுதலே. ஓதிய பின் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நம் மாவட்டத்திலேயே, கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் மனநல ஆலோசனை கிடைக்கும், தமிழிலேயே பேசலாம்.

ஜமாஅத்தார்களே! ஒரு பிள்ளையின் மரபணுவை நாம் மாற்ற இயலாது. ஆனால் அப்பிள்ளையின் சூழல் நாம்தான், பண்பாடும் நாம்தான். "பைத்தியக்கார வீடு", "மக்கு வம்சம்" என்ற சொற்கள் இந்த முஹல்லாவில் இனி ஒலிக்கக் கூடாது. இந்த ஒரு தீர்மானத்தை மட்டும் இன்று மனத்தில் எடுத்துச் செல்லுங்கள்.

அந்தச் சிறுவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். தட்டில் மணலைப் பரப்பி, ஒரு நாளைக்கு ஓர் எழுத்தாக, விரலால் எழுதவும் வாயால் சொல்லவும் பழக்கினேன். மற்றவர்களைவிட இரண்டு மடங்கு காலம் ஆயிற்று; ஆனாலும் அவன் குர்ஆனைப் பார்த்து ஓதத் தொடங்கிவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். ஒரு நாள் இஷாவுக்குப் பின், எல்லோரும் போகும்வரை காத்திருந்து அவனுடைய அத்தா என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், அந்த மணல் தட்டில் எனக்கும் சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டார்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் மனங்களைப் பாதுகாப்பானாக! அவர்களுக்கு நல்ல சூழலாக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.