ரேஷன் புத்தகத்தை நம்பிய ஊர்



கிராமத்துத் துப்பறியும் கதை என்றால் அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1930இல் 'த மர்டர் அட் த விக்கரேஜ்' நாவலில் அவரைப் பார்க்கிறோம். செயின்ட் மேரி மீட் என்ற சிற்றூர். தோட்ட வேலை செய்துகொண்டே, யார் எப்போது எந்தப் பக்கம் போனார்கள் என்று கவனித்து வைத்திருக்கும் மூதாட்டி. ஸ்லாக் என்ற இன்ஸ்பெக்டர் அவர் பேச்சை மதிப்பதில்லை. கிழவிகளின் வம்பு என்று உலகம் தள்ளிவிடுவதைச் சாட்சியமாக மாற்றிக் காட்டினார் கிறிஸ்டி. அதற்காகவே அவரைக் கொண்டாட வேண்டும்.

ஆனால் இன்று நான் பேச வந்தது 1950இல் வெளியான இன்னொரு மிஸ் மார்ப்பிள் நாவலான 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு' பற்றி. சிப்பிங் கிளெக்ஹார்ன் கிராமத்தின் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம்: இன்ன வீட்டில், வெள்ளிக்கிழமை மாலை 6.30க்கு ஒரு கொலை நடக்கும். அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து சேர்கிறார்கள். விளக்கு அணைகிறது. துப்பாக்கி வெடிக்கிறது.

கொலையாளி யார் என்பதை இந்த மேடையில் சொல்ல மாட்டேன். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. போர் முடிந்து ஐந்து ஆண்டுகள். எங்கிருந்தோ வந்தவர்கள் கிராமத்தில் வீடு பிடித்துக் குடியேறியிருக்கிறார்கள். முன்பெல்லாம் புதிதாக வருகிறவர், ஊருக்குத் தெரிந்த ஒருவரின் கடிதத்தோடு வருவார். இப்போது கையில் ரேஷன் புத்தகமும் அடையாள அட்டையும்தான். அந்த அட்டையில் படமும் இல்லை, கைரேகையும் இல்லை. தன்னைப் பற்றி ஒருவர் என்ன சொல்கிறாரோ, அதுதான் அவர்! பக்கத்து வீட்டுக்காரர் உண்மையில் யார்? நாவல் முழுவதும் இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரிட்டனில் ரேஷன் முழுதாக நீங்கியது 1954இல்தான். நாவலில் சட்டத்துக்குத் தெரியாமல் வெண்ணெயும் காய்கறியும் வீடுவிட்டு வீடு கைமாறுகின்றன. ஆள் இல்லாவிட்டாலும் உள்ளே வைத்துவிட்டுப் போகலாம், கதவுகள் பூட்டப்படுவதில்லை. முன்பின் அறியாதவர்களிடையே துளிர்த்த நல்ல பழக்கம். அதுவே யாரும் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய வழியாகவும் ஆகிவிடுகிறது. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கவனிக்காமல் போகும் வாழ்க்கை இது. அதை ஒரு துப்பறியும் நாவல் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது.

நண்பர்களே, இந்த நாவலை வாசியுங்கள். கொலையாளியைத் தேடும் அவசரத்தில் அந்த வெண்ணெய்ப் பேச்சைப் புரட்டிக்கொண்டு போய்விடாதீர்கள்.