ஆற்றுப்படையும் ஒருநாள் உலாவும்



எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு 'பயணமும் இலக்கியமும்'. கடல்போல் விரியும் அத்தலைப்பைக் காஞ்சிபுரத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 65 கிலோமீட்டருக்குள் அடக்கிக்கொள்ள அவை இசைவு தர வேண்டுகிறேன்.

காஞ்சிக்கு வருவோர் ஒருநாளைக் கோயில்களுக்கும் பட்டுக் கடைகளுக்கும் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை வாடகை வண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டு கடற்கரைக்குப் புறப்படுகின்றனர். ஐந்து இரதங்கள், அருச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை, கடற்கரைக் கோயில். பொழுதிருந்தால் முதலைப் பண்ணை. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் திரும்பிவிடலாம் என்று ஓட்டுநர் உறுதி கூறுகிறார். வண்டி கடந்து செல்லும் நிலம் அந்தப் பட்டியலில் இல்லை. நம் செங்கல்பட்டும் இல்லை. இங்கே தேநீருக்கு நிற்பார்கள்; கொளவாய் ஏரியைக் கண்டு, "என்ன ஏரி இது?" என்று ஒருவர் கேட்பார். விடை வருமுன் வண்டி புறப்பட்டுவிடும். செங்கழுநீர்ப் பூவால் பெயர்பெற்றதாகச் சொல்லப்படும் ஊருக்கு இவ்வளவுதான் பங்கு.

இதே நிலத்தை எதிர்த்திசையில் கடந்த ஒரு நூல் நம்மிடம் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, பாணனைக் கடற்கரைப் பட்டினம் வழியாகக் காஞ்சிக்கு அனுப்புகிறது. அப்பட்டினமாகிய நீர்ப்பெயற்று மாமல்லையே என்று கருதும் அறிஞர்களும் உண்டு. 500 அடிகள் கொண்ட அந்நூலில் காஞ்சி வருவது கடைசியில்தான். அதற்குமுன் உப்பு வண்டி ஓட்டும் உமணர், மிளகுப் பொதி சுமக்கும் கழுதைகள், சுங்கம் கொள்ளும் காவலர், புல்லரிசி திரட்டும் எயிற்றியர், மோர் விற்று வரும் ஆய்மகள், உழவர், வலைஞர், அந்தணர் என வழி முழுவதும் மனிதர்கள். ஒவ்வொரு குடியிருப்பிலும் என்ன உணவு கிடைக்கும் என்பதையும் புலவர் சொல்லத் தவறவில்லை. சேருமிடத்தின் பெருமையைப் பாட வந்தவர் நூலின் பெரும்பகுதியை வழிக்கே கொடுத்துவிட்டார். அதைச் செலவு என்று அவர் கருதவில்லை.

நம் காலத்து ஒருநாள் உலா இங்கேதான் வேறுபடுகிறது. ஆயினும் அதையும் புதிய வழக்கம் என்று தள்ளிவிட முடியாது. திருக்கழுக்குன்றத்து மலைமேல் பல்லவர் குடைவித்த ஒருகல் மண்டபத்தில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்களின் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. சதுரங்கப்பட்டினத்தில் துணி வாணிகம் செய்தவர்கள் அவர்கள். கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மலையேறி வந்திருக்கிறார்கள். அவர்கள் காண விரும்பியவற்றுள் கழுகுகளும் இருந்தன என்பர். கோயில் தூணில் பெயர் கீறும் இன்றைய இளைஞரை வைகிறோம். முந்நூறு ஆண்டு பழகிவிட்டால் அதுவே வரலாற்றுச் சான்றாகிவிடுகிறது!

அந்தக் கழுகுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காசிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே பறக்கும் இரு பறவைகள் நண்பகலில் இம்மலையில் இறங்கி உணவு கொள்கின்றன என்பது மக்கள் நம்பிக்கை. பூசகர் பொங்கலை வைத்துக் காத்திருப்பார். பார்க்க வந்தோரும் மூச்சடக்கிக் காத்திருப்பர். வெளிநாட்டார் எழுதிய பயண நூல்களில் ஊரின் பெயரே 'பட்சி தீர்த்தம்' ஆயிற்று. வண்டிகளின் நேரக்கணக்கும் அந்த நண்பகலைச் சுற்றியே அமைந்தது. கழுகு என்று நாம் வழங்கினாலும் அவை பாறுகள். மஞ்சள்முகப் பாறு என்பர் பறவை நூலார். 1990களின் இறுதியில் அவற்றின் வருகை நின்றது. பாறு இனங்கள் நாடெங்கும் அருகிய காலம் அது. கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்லோபினாக் என்னும் வலிநீக்கி, இறந்த மாட்டின் உடல் வழியே பாறுகளைக் கொல்கிறது என்பதை 2004இல் ஆய்வு காட்டியது. 2006இல் கால்நடை மருத்துவத்தில் இந்தியா அதைத் தடைசெய்தது. கழுக்குன்றத்து இரண்டின் கதையை இதனோடு நேராக முடிச்சுப் போடுவது முறையன்று. நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. பறவைகள் நின்றதும், அவற்றுக்காக நின்ற வண்டிகளும் நிற்காமல் போயின.

மூவரும் பாடிய தலம் அங்கேயே இருக்கிறது. ஒருகல் மண்டபம் இருக்கிறது. பழைய கந்தசிடனும், பின்னர் வாதாபி கொண்ட நரசிங்கனும் அளித்த கொடையை அவ்வண்ணமே தொடர்ந்து காத்ததாகக் கூறும் முதலாம் ஆதித்த சோழன் காலக் கல்வெட்டும் இருக்கிறது. ஓர் அரசமரபு வீழ்ந்தபின் வந்த சோழன், முன்னவர் வாக்கை மதித்த செய்தி அது. இவ்வளவும் இரண்டு பறவைகளின் சிறகில் தொங்கிக்கொண்டிருந்தன என்றால், நாம் அந்த ஊரைக் கண்டதுதான் எப்போது?

வேடந்தாங்கல் வேறு கதை. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த உழவர்கள், வேடிக்கை பார்ப்போர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அப்பறவைகளைக் காத்தனர். துப்பாக்கி கொண்டு வந்தோரைத் தடுக்க, 1798இல் மாவட்ட ஆட்சியர் லயனல் பிளேஸ் என்பாரிடம் உரிமைச் சீட்டும் பெற்றனர். பார்ப்பவர் இல்லாவிட்டாலும் அங்கே பறவைக்கு ஒரு வேலை இருந்தது.

கவிஞர்களே, நம் கவியரங்குகளில் மாமல்லையைப் பாடாதவர் மிகக் குறைவு. உளி, அலை, உறங்கும் கல் ஆகியவை பலமுறை வந்துவிட்டன. பாலாற்று மணலையும், கொளவாய்க் கரையையும், வயல் மனையாவதைப் பார்த்து நிற்கும் உழவரையும் பாடியவர் எத்தனை பேர்? வண்டிக்காரர் பட்டியலே நம் பாட்டின் பட்டியலும் ஆகிவிட்டது என்று சொன்னால் கோபிக்க மாட்டீர்கள் என நம்புகிறேன். கோபித்தாலும் சொல்லத்தான் வேண்டும். ஒரு நிலத்துக்குப் பாட்டும் இல்லை, பார்ப்பவரும் இல்லை என்றாகிவிட்டால், அதை மனைப் பிரிவாக வரைவது எளிது.

ஆகவே வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வரும் பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, நாமே ஒரு வேன் அமர்த்திக்கொள்வோம். காலையில் வல்லத்துக் குடைவரைகள். நண்பகலில் கழுக்குன்றத்து மலைமேல், பொங்கலை எதிர்பார்த்து எந்தப் பறவையும் வாராத அதே நேரத்தில், ஆதித்தன் கல்வெட்டின் செய்தியை நான் படித்துச் சொல்கிறேன். பிற்பகல் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையும் டச்சுக் கல்லறைகளும். மாமல்லைக்கு இம்முறை போக வேண்டாம். வருவோர் ஒவ்வொருவரும் வழியில் ஒருவரிடமாவது அவர் தொழிலைக் கேட்டு, அவர் வாயில் வந்த தொழிற்சொல் ஒன்றையேனும் குறித்துவர வேண்டும். அடுத்த கவியரங்குக்கு அதுவே நுழைவுச் சீட்டு. வாடகையைப் பங்கிட்டுக்கொள்வோம். பெயர் தர விரும்புவோர் இன்று மாலைக்குள் செயலாளரிடம் தரலாம். என் பெயரை முதலில் எழுதிவிட்டேன்.