சொருகினால் மட்டும் போதுமா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டெக்னிக்கலாகப் பேசவேண்டும், ஆனால் வீட்டுக்காரம்மா, பிள்ளைகள் எல்லாருக்கும் புரியவேண்டும் என்று எனக்கு உத்தரவு. ஆகவே ராக்கெட், ரோபோ பக்கம் போகாமல் உங்கள் காரிலேயே இருக்கும் ஒரு சின்னத் துளையைப் பற்றிப் பேசப் போகிறேன். ஸ்டீரியோவின் முகப்பிலோ, கியருக்குப் பக்கத்திலோ இருக்குமே, அந்த யு.எஸ்.பி. துளை. அதில் ஒரு பாட்டுப் பெட்டியைச் சொருகினால் சில சமயம் பாடுகிறது, சில சமயம் கம்மென்று இருக்கிறது. ஏன்?

எங்கள் வகுப்பில் பலருக்கு இந்தக் கேள்வி வந்ததே ஒரு கேஸட்டால்தான். எங்கள் பிரிவு உபசார விழாவில் ஹாஸ்டல் நண்பர்கள் பாடியதும், காலமாகிவிட்ட எங்கள் துறைத் தலைவர் பேசியதும் ஒரு 90 நிமிடக் கேஸட்டில் இருந்தது. அவர் குரல் வேறு எங்கும் பதிவாகவில்லை. நாடா வீணாகிப் போவதற்குள் அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, எம்பி3 ஆக்கி, எல்லாருக்கும் அனுப்பினோம். வினாடிக்கு 128 கிலோபிட் கணக்கில் 90 நிமிடத்துக்குச் சுமார் 86 மெகாபைட்தான் ஆயிற்று. அந்த வாரமே போன் மேல் போன். "டேய், கம்ப்யூட்டர்ல நல்லா பாடுது. கார்ல பாட மாட்டேங்குதுடா!"

விசாரித்தேன். ஒருவர் தன்னிடமிருந்த பழைய ஐபாடில் ஏற்றியிருந்தார். இன்னொருவர் ஆண்ட்ராய்டு போனில். மூன்றாமவர் தெருமுனைக் கடையில் கொடுத்துப் பென் டிரைவில் ஏற்றி வாங்கியிருந்தார். மூவரிடமும் இருந்தது ஒரே ஃபைல். மூவர் காரிலும் அதே மாதிரித் துளை. பாடியது பென் டிரைவ் மட்டும்தான்! விலை குறைந்த சாமான் ஜெயித்துவிட்டது. இதற்குள் ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

முதலில் யு.எஸ்.பி. எதற்கு வந்தது என்று பார்த்துவிடுவோம். வாக்மேன், சிடி பிளேயர் காலத்திலிருந்தே கையில் இருக்கும் பாட்டுப் பெட்டியைக் காரோடு இணைக்க மனிதன் படாத பாடு பட்டிருக்கிறான். வால் முளைத்த கேஸட் ஒன்று வந்தது. அதை டெக்கில் தள்ளி, ஒயரைப் பெட்டியில் மாட்டவேண்டும். சிகரெட் லைட்டர் துளையில் மாட்டும் குட்டி எஃப்.எம். நிலையம் வந்தது. பிறகு ஆக்ஸ் என்ற 3.5 மில்லிமீட்டர் துளை. ஆக்ஸ் நல்ல வழிதான். ஆனால் போனை லைட்டர் துளையில் சார்ஜ் போட்டுக்கொண்டே ஆக்ஸிலும் மாட்டினால், பல கார்களில் "கொய்ங்ங்" என்று ஒரு சத்தம் கூடவே வரும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் சுருதி ஏறும். போனுக்கும் ஸ்டீரியோவுக்கும் இரண்டு வழியாக 'எர்த்' சேர்ந்துவிடுவதால், ஆல்டர்னேட்டரின் இரைச்சல் பாட்டுக்குள் புகுந்துவிடுகிறது.

யு.எஸ்.பி. வழியில் இந்தத் தொல்லை இல்லை. அதில் பாட்டு மின்னலையாக வருவதில்லை, எண்களாக வருகிறது. எண்களை ஒலியாக மாற்றும் வேலை ஸ்டீரியோவுக்குள்ளேயே நடக்கிறது. அதே கேபிளில் 5 வோல்ட் மின்சாரமும் போவதால் பெட்டி சார்ஜும் ஆகிவிடுகிறது.

இந்த யு.எஸ்.பி.யின் முதல் வரையறை 1996 ஜனவரியில் வெளியானது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம்., காம்பாக் உள்ளிட்ட ஏழு கம்பெனிகள் சேர்ந்து செய்த வேலை அது. இன்டெல்லில் இதற்கு முன்நின்ற அஜய் பட், நம் நாட்டில் பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். மாணவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சொருகியவுடன் உள்ளே என்ன நடக்கிறது? நம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சடங்குதான் நடக்கிறது. வைவா! எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்து உட்கார்ந்திருக்கிறார். மாணவன் தானாக வாய் திறக்கக்கூடாது, கேட்டால் மட்டும் பதில் சொல்லவேண்டும். யு.எஸ்.பி.யிலும் ஒருவர் கேட்பவர், மற்றவர் பதில் சொல்பவர். நம் விஷயத்தில் கேட்பது கார் ஸ்டீரியோ, பதில் சொல்வது பாட்டுப் பெட்டி.

தொடக்கத்திலேயே வரும் கேள்வி, "நீ யார்? என்ன வகை?" அதற்குப் பதிலாக ஒரு வகை எண் போகும். கீபோர்டு, மவுஸ் என்றால் 3. தகவல் சேமித்து வைக்கும் சாதனம் என்றால் 8. இந்த எக்ஸாமினர் பாவம், சிலபஸை விட்டு வெளியே போகத் தெரியாதவர். சாதாரண கார் ஸ்டீரியோவின் சிலபஸில் பெரும்பாலும் 8 மட்டும்தான் இருக்கும். வேறு பதில் வந்தால் "நெக்ஸ்ட்" என்று அனுப்பிவிடுவார். உங்கள் கண்ணுக்கு 'டிவைஸ் இல்லை' என்று திரையில் தெரிவது அதுதான்.

பென் டிரைவ் என்ன சொல்கிறது? "சார், நான் 8. நான் வெறும் அலமாரி. எந்தத் தட்டு வேண்டுமோ நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறது. ஸ்டீரியோ அந்த அலமாரியின் கேட்டலாகைப் பார்க்கிறது. ஃபேட் 32 என்பது அப்படி ஒரு கேட்டலாக் முறை. அது ஸ்டீரியோவுக்குத் தெரியும். எம்பி3 ஃபைலைக் கண்டுபிடிக்கிறது, எடுக்கிறது, பாடுகிறது. கதை முடிந்தது.

இங்கும் ஒரு கண்ணி உண்டு. 64 ஜி.பி. என்று பெரிய டிரைவாக வாங்கினால், அது பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற வேறு கேட்டலாக்கோடு வரும். அது 2006-இல் வந்த முறை. பழைய ஸ்டீரியோக்களுக்கு அது புரியாது. 32 ஜி.பி. அல்லது அதற்குக் கீழே வாங்கி, ஃபேட் 32-இல் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். 8 ஜி.பி.யிலேயே நாலு நிமிடப் பாட்டு சுமார் 2000 அடங்கும். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் பல தடவை போய்வந்தாலும் தீராது.

அடுத்து ஐபாட். 2001 அக்டோபரில் வந்தது. 2004-இல் பி.எம்.டபிள்யூ. கார்களில் அதை மாட்ட வழி செய்தார்கள். பெட்டி டேஷ்போர்டுக்குள் இருக்க, ஸ்டீயரிங் பட்டனிலேயே பாட்டை மாற்றலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் அங்கே ஸ்டீரியோ அலமாரியைத் திறப்பதில்லை. ஐபாடிடம் அதன் சொந்த பாஷையில் "அடுத்த பாட்டு போடு" என்று சொல்கிறது. அந்த பாஷை ஆப்பிள் கம்பெனியின் சொத்து. அவர்களிடம் அனுமதி பெற்றுச் செய்த ஸ்டீரியோவுக்குத்தான் அது முழுதாகப் பேச வரும்.

"சரி, ஐபாடையும் அலமாரியாக நினைத்துத் திறந்தால் என்ன?" என்று கேட்பீர்கள். திறக்கலாம். ஆனால் மேக் கம்ப்யூட்டரில் ஃபார்மேட் செய்த ஐபாடின் கேட்டலாக் ஃபேட் 32 அல்ல. விண்டோஸில் செய்ததாக இருந்தாலும் உள்ளே பாட்டுகள் மறைவான ஃபோல்டரில், நாலு எழுத்து சங்கேதப் பெயரோடு சிதறிக் கிடக்கும். எது எந்தப் பாட்டு என்ற கணக்குப் புத்தகம் தனியாக இருக்கும். எங்கள் நண்பரின் ஐபாட் மேக் வகை. அதனால்தான் துறைத் தலைவர் அதற்குள்ளேயே மௌனமாக இருந்துவிட்டார்.

மூன்றாவது, ஆண்ட்ராய்டு போன். ஆதியில் அதுவும் "நான் 8" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சங்கடம். அலமாரிச் சாவியை முழுசாக ஒருவரிடம்தான் கொடுக்கமுடியும். கம்ப்யூட்டர் திறந்திருக்கும்வரை போனுக்கே அந்த மெமரி கார்டு கிடைக்காது. ஆகவே 2011-இல், ஆண்ட்ராய்டு 3.0-விலிருந்து எம்.டி.பி. என்ற முறைக்கு மாறத் தொடங்கினார்கள். இதில் போன் லைப்ரேரியன் மாதிரி. கவுண்டரில் உட்கார்ந்து, கேட்ட ஃபைலை எடுத்துத் தரும், சாவியைத் தராது. நியாயமான மாற்றம்தான். ஆனால் எம்.டி.பி. தெரியாத ஸ்டீரியோ, கவுண்டருக்கு முன்னால் என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்கிறது.

அது மட்டுமல்ல. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், கேபிளைச் சொருகினால் போன் முதலில் 'சார்ஜ் மட்டும்' என்றே இருக்கும். மேலிருந்து இழுத்தால் வரும் அறிவிப்பில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று நாம்தான் மாற்றவேண்டும். இன்னொன்று, சாதாரண யு.எஸ்.பி. கேபிளுக்குள் நாலு கம்பி. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. மலிவான சில கேபிள்களில் தகவல் கம்பி இரண்டும் இருக்காது. சார்ஜ் ஏறும், பாட்டு வராது. ஸ்டீரியோவைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுப்பதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். பல கேஸ் அதிலேயே தீர்ந்துவிடும்.

2014-இல் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டும் அறிவிக்கப்பட்டன. இவற்றில் போனின் திரையே காரின் திரைக்கு வந்துவிடுகிறது. வசதிதான். அங்கேயும் போனும் காரும் ஒரே பாஷை பேசினால்தான் காரியம் நடக்கும்.

இப்போது நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். ஐபாடின் அகலமான 30 முனை ப்ளக் 2003-இல் வந்தது. 2012-இல் லைட்னிங் வந்து அதை ஓரங்கட்டியது. 2023-இல் ஐபோன் 15 யு.எஸ்.பி.-சி துளைக்கு மாறியது. 2022 மே மாதத்தில் ஐபாட் தயாரிப்பே நின்றது. அந்த 30 முனைக்கென்று பணம் கொட்டிக் காரில் வைத்த ஏற்பாடெல்லாம் இன்று புது போனுக்கு உதவாது. ஆனால் அதே வயசுள்ள ஒரு சாதாரண யு.எஸ்.பி. ஸ்டீரியோவில், நேற்று வாங்கிய பென் டிரைவை ஃபேட் 32-இல் வைத்துச் சொருகினால் இன்றும் பாடும். எம்பி3-க்கும் காப்புரிமை இருந்தது. 2017-இல் அதன் உரிமக் கட்டணத் திட்டம் முடிந்துபோனது. எல்லாருக்கும் தெரிந்த பாஷையில் இருப்பதுதான் நிலைக்கிறது. கெட்டிக்காரத்தனமான தனி பாஷை, அதைப் பேசுகிறவரோடு போய்விடுகிறது.

ஆகவே நண்பர்களே, உங்கள் அப்பா பாடிய தேவாரமோ, பாட்டி சொன்ன கதையோ, எங்கள் துறைத் தலைவரின் பேச்சோ, எதுவானாலும் ஒரு பிரதியைச் சாதாரண ஃபைலாக, சாதாரண டிரைவில் வையுங்கள். அந்த டிரைவும் ஒரு நாள் கெடும், ஆகவே இன்னொரு பிரதி வீட்டில் வேறு இடத்தில் இருக்கட்டும். ஃபைல் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டு, வரிசையாகவே காப்பி செய்யுங்கள். சில ஸ்டீரியோக்கள் அகர வரிசையைப் பார்க்காது, எது முதலில் ஏறியதோ அதை முதலில் பாடும். இதையெல்லாம் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், நீங்கள் இரண்டு வினாடி திரையைப் பார்த்தால் 33 மீட்டர் ஓடிவிடும். நம் ஊர் ரோட்டில் 33 மீட்டருக்குள் ஒரு மாடு, ஒரு டி.வி.எஸ். 50, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மூன்றும் குறுக்கே வரலாம்.

கடைசியாக மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டின் பெயரைத் தமிழில் எழுதி ஏற்றினால், இன்னும் பல ஸ்டீரியோக்களில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. பாட்டு ஃபைலோடு ஒட்டியிருக்கும் ஐ.டி.3 குறிப்பின் முதல் வடிவில் தலைப்புக்கு 30 பைட்தான் இடம், அதுவும் ரோமன் எழுத்தை நினைத்துச் செய்தது. அடுத்து வந்த வடிவில் யூனிகோடு எழுதலாம். யூனிகோடில் தமிழ் 1991-இலேயே இடம் பெற்றுவிட்டது. பெயர் ஒழுங்காகத்தான் போய்ச் சேருகிறது, அதைக் காட்டும் எழுத்துரு ஸ்டீரியோவுக்குள் இல்லை. அதைச் செய்கிறவர்கள் மேஜைக்கு முன்னால் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால், "சார், இதையும் சேர்த்துடலாம்" என்று சொல்லியிருப்பார்.

அந்த மேஜைக்கு நாளைக்குப் போகப்போவது நீங்கள். நீங்கள் எதைச் செய்தாலும், இன்னொருவர் செய்த சாமானும் அதோடு பேசட்டும். முப்பது வருஷம் கழித்து, உங்கள் வகுப்புப் பாட்டைக் கேட்க ஆசைப்பட்டு ஒருவர் ஏதோ ஒரு துளையில் எதையோ சொருகுவார். அது பாடவேண்டும்.